கடுகு குதித்த இடம்

சாயங்காலம் ஊசி போட டாக்டர் வருவார் என்று அண்ணன் சொன்னபோது, கடுகு அவனுடைய செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. வார் ஏற்கெனவே போயிருந்தது. அடிப்பாகத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது.

“ஒரு உயிரை எடுத்துட்டு எப்படி விளையாடுது பாரு,” என்றான்.

நான் செருப்பைப் பிடுங்கவில்லை. அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் எனக்குப் பிடித்த மாதிரி நடந்த ஒரே காரியம் அதுதான்.

கடுகு எங்கள் நாய். டெரியர் வகை. முழங்காலுக்குக் கீழே நிற்கும் வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, பாதி வால். காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகைப் போல நின்ற இடத்திலேயே நேராக மேலே எகிறும் என்பதால் அப்பா அந்தப் பெயரை வைத்தார். அது வந்த பிறகு எங்கள் வீட்டில் காலுறைகள் அலமாரிக்கு மேலே குடியேறின. சோபாவின் ஒரு மூலையில் பஞ்சு இல்லை. தொட்டிச் செடிகளை எல்லாம் தோண்டிப் பார்த்துவிட்டு மண்ணைக் கூடத்துக்குக் கொண்டுவரும். அழைப்புமணி அடித்தால் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றுகிறது என்று அப்பா மணியின் கம்பியையே பிடுங்கிப்போட்டார். அவருக்கு அதன்மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “அவ சும்மா இருந்தா அவளுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம்,” என்பார்.

சமையலறைக்குள் மட்டும் அதற்கு அனுமதி இல்லை. அந்த வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு மாட்டியிருந்தோம். குட்டிக் கதவு என்போம். சுவரில் ஆணி அடிக்காத வகை. இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் திருகுகள் இருக்கும். திருகத் திருக, சுவர்களை அழுத்திக்கொண்டு நிற்கும். நடுவில் தாழ்ப்பாளோடு, விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு சின்னக் கதவு, அதன் அடியில் தரையோடு ஒரு குறுக்குக் கம்பி. சமையலறைக்குள் போகும்போது அந்தக் கம்பியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். புது இயந்திரம் வாங்கியதால் பயிற்சிக்கென்று என்னை வெளியூர் அனுப்பினார்கள். அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று அண்ணன் வந்து தங்கினான். அவனுக்கு வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. எங்கிருந்தும் செய்யலாம். கூடத்தில் மேசையைப் போட்டுக்கொண்டான். அப்பாவும் கடுகும் மாடியில் படுப்பார்கள். நான் திரும்பி வர இரண்டு நாள் இருந்தபோது, விடியற்காலையில் அப்பா மாடிப்படியிலிருந்து விழுந்தார். நான் வந்து சேர்ந்தபோது முகத்தை மட்டும் காட்டினார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர், என்னைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார்.

நாய் காலுக்குள் புகுந்து தள்ளிவிட்டது என்றான் அண்ணன். கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதை நம்பினார்கள். எங்கள் அத்தை போகிறபோக்கில் அதைக் காலால் எற்றிவிட்டுப் போனாள். அது விளையாட்டு என்று நினைத்து அவள் பின்னாலேயே ஓடியது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதற்கு ஆதாரமும் இல்லை. கடுகைக் கொல்லும் ஊசியோடு டாக்டர் வருவதற்குள் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். எங்கள் கடைக்கு வரும் ஒருவரை வரச் சொன்னேன். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். சட்டம் மூக்கை அழுத்துகிறது என்று ஒரே கண்ணாடியை மூன்று முறை திருப்பிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட ஒருவர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மேடம் வந்தபோது கூடவே நெட்டையாக ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவராம். எப்போதும் மேடத்தின் பின்னாலேயே வருவதால் ஊரே அவரை வால் என்று கூப்பிட்டது. அவரும் அப்படியே அறிமுகம் செய்துகொண்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கடுகு அவருடைய ஷூ கயிற்றைக் கவ்விக்கொண்டது.

“மேடம், என்னைக் கைது பண்ணிடுச்சு.”

“காரணம் இருக்கும்,” என்றார் மேடம்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. இதில் துப்பறிய என்ன இருக்கிறது, நாய் புகுந்தது, அப்பா விழுந்தார், நான் பார்த்தேன் என்றான். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறேன் என்று என்னைத் திட்டினான். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பார்த்தவரே இருக்கும்போது தங்களுக்கு வேலை சுலபம் என்றார்.

“பார்த்தவங்க இருக்கற கேஸ்தான் மேடம் இழுத்துக்கிட்டே போகும்,” என்றார் வால், கயிற்றை விடுவிக்கப் பார்த்தபடி. “யாருமே பார்க்கலைன்னா மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும்.”

மேடம் தண்ணீர் கேட்டார். நான் சமையலறைக்குப் போனேன். குட்டிக் கதவின் தாழ்ப்பாளைத் தேடி இடது கையை நீட்டினேன். வெறும் கம்பி. பிறகு வலது பக்கம் தடவித் திறந்தேன். திரும்பி வரும்போது மேடம் தம்ளரை வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அந்தப் பக்கம் கை போச்சு?”

ஊரிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன். மனசு ஒரு நிலையில் இல்லை, கை தடுமாறுகிறது.

“துக்கம் மனசுக்கும்மா. கைக்கு அதெல்லாம் தெரியாது. பழகினதைத்தான் செய்யும். தாழ்ப்பாள் முன்னால எந்தப் பக்கம் இருந்துச்சு?”

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா வலது கையில் கடுகின் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு இடது கையால் திறப்பார். அதற்காகவே அப்படி மாட்டியிருந்தார். தாழ்ப்பாள் எப்போதும் இடது பக்கம்தான். இப்போது வலது பக்கம் இருந்தது. இத்தனை நாள் அதில் இடித்துக்கொண்டு, என்னையே நொந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“அப்பாவே மாத்தியிருப்பார்,” என்றான் அண்ணன்.

“இருக்கலாம்,” என்றார் மேடம். தண்ணீரைக் குடித்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு மாடிப்படியைப் பார்க்க வேண்டும் என்றார்.

எங்கள் மாடிப்படியின் அடியில் ஒரு பக்கம்தான் சுவர், மறுபக்கம் கைப்பிடிக் கம்பி. உச்சியில் மட்டும் இரண்டு பக்கமும் சுவர் நெருங்கி வரும். கடுகு படி ஏறுவதில் தயங்காது. இறங்குவதில்தான் கோளாறு என்றேன். நான் வந்த நாளிலிருந்து உச்சியில் நின்றுவிடுகிறது. தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கிறது.

“பண்ணின காரியம் உறுத்துது,” என்றான் அண்ணன். அத்தையும் அதையேதான் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்ற நான் அன்று அவளை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும்.

வால் அண்ணனுடைய செருப்பில் மிச்சமிருந்ததைக் குனிந்து எடுத்தார். “மன்னிக்கணும் சார், சாட்சியோட உதவி தேவைப்படுது,” என்று மாடிக்கு வீசினார். கடுகு படிகளில் பாதியைத் தொடாமலே பறந்தது. வால் கீழிருந்து சீட்டி அடித்தார். செருப்பைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்த கடுகு, முதல் படிக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று நின்றது. பிறகு குதித்தது. நேராக மேலே. வாயிலிருந்து செருப்பு விழுந்தது. மறுபடியும் குதித்தது. ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு இறங்கியது.

“யாரோ மேலே பந்து அடிக்கறாங்க மேடம்,” என்றார் வால்.

மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“பயந்த நாய் பின்னால போகும். இது எட்டிப் பார்க்குது.” அண்ணன் பக்கம் திரும்பினார். “எதுக்கு மேலால எட்டிப் பார்க்குது?”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். நாய் என்றால் குதிக்கத்தானே செய்யும் என்றான். தனக்கு ஒரு அழைப்பு வர வேண்டும், இந்தக் கூத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்றான். மேடம் வாலைப் பார்த்தார். சமையலறைத் தடுப்பைக் கழற்றி மேலே கொண்டுபோகச் சொன்னார்.

“எங்க வீட்டுப் பொருளைத் தொட நீங்க யாரு?” அண்ணன் இப்போது எழுந்துவிட்டான்.

“என் வீடும்தான் அண்ணா,” என்றேன். “தொடட்டும்.”

வால் ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். இதைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள நாய்க்குப் பல் விழுந்துரும் என்று முணுமுணுத்தார். மேலே கொண்டுபோய் இரண்டு சுவர்களுக்கும் நடுவே வைத்து இறுக்கினார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. கடுகு இரண்டு முறை எகிறியது. இரண்டு முறையும் அதன் மோவாய் மேல்கம்பிக்குச் சரியாக மேலே வந்து போனது. பிறகு தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. குட்டிக் கதவு சாத்தியிருந்தால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். அது தப்பே செய்யவில்லை. இல்லாத கதவுக்கு முன்னால் இத்தனை நாளும் ஒழுங்காகக் காத்திருந்திருக்கிறது. நாங்கள் அதைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேடம் வாலை இறங்கி வரச் சொன்னார். வயசானவர் மாதிரி வா, தூக்கக் கலக்கத்தில் வா என்றார். வால் முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்து, ஏதோ வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தபடி காலை எடுத்து வைத்தார். அடியில் இருந்த குறுக்குக் கம்பியில் கால் விரல் மாட்டியது. இரண்டு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, கடுகு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தது. கீழே இறங்கிப் போகும் படிகளைப் பார்த்தார்.

“மேடம்,” என்றார். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. அன்று அவர் பேசிய ஒரே நேரான வார்த்தை அது.

“கதவுக்கு அந்தப் பக்கம் நாய் உட்கார்ந்திருக்கு,” என்றார் மேடம். “இந்தப் பக்கம் இறங்கறவர் காலுக்குள்ள அது எப்படிப் புகுந்துச்சு?”

அண்ணன் சோபாவில் உட்கார்ந்தான். பஞ்சு போன மூலையில். பிறகு ஒத்துக்கொண்டான், கோபத்தோடுதான். ஆமாம், மேலே மாட்டினேன். நீ போன மறுநாளே. பேசிக்கொண்டிருக்கும்போது நாய் மேசைக்கு அடியில் புகுந்து குரைக்கிறது, மறுமுனையில் இருப்பவன் என்ன சார் சத்தம் என்று கேட்கிறான், மேலதிகாரி வரைக்கும் போய்விட்டது. கீழே மாட்ட ஒரு பக்கம் சுவர் இல்லை. அதனால் உச்சியில் மாட்டினேன். அப்பாவும் முனகிவிட்டுச் சரி என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம், நீ சண்டைக்கு வருவாய் என்று அவரே சொன்னார். அது ஒரு விபத்து. பழி எனக்கு வந்துவிடுமே என்று நாய் மேல் போட்டேன். தப்புதான். அதற்காக என்னைத் தூக்கில் போடுவீர்களா?

ஒரு நிமிஷம் எனக்கும் அது விபத்தாகத்தான் பட்டது. கோபம் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தன் முட்டாள்தனத்தை மறைக்க ஒரு நாயைக் கொல்லப் பார்த்தவன். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

“திரும்பச் சமையலறையில எப்ப மாட்டினீங்க?” என்று கேட்டார் மேடம்.

“அப்புறம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு.”

மேடம் தலையை ஆட்டினார். அவருக்கு அது போதும் போலிருந்தது. எனக்குத்தான் ஏதோ இடித்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா துக்கம் கேட்க வந்தபோது என்னிடம் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு ஓடி வந்தாராம். கடுகு அப்பாவின் நெஞ்சில் தலையை வைத்துப் படுத்திருந்ததாம். வண்டிக்காரர்களை நெருங்க விடவில்லையாம். அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் விட்டு, குட்டிக் கதவைச் சாத்தினாராம்.

நான் அதைச் சத்தமாகச் சொன்னேன்.

“ஆம்புலன்ஸ் வந்தப்போ குட்டிக் கதவு சமையலறையில இருந்துச்சு அண்ணா.”

அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் கடைசி.

மேடம் நேராக வாலிடம் சொன்னார். “கழட்டு. கொண்டு வந்து சமையலறையில மாட்டு. அவசரப்படாம பண்ணு.” பிறகு எல்லோரையும் அப்படியே இருக்கச் சொன்னார். யாரும் பேசக் கூடாது என்றார்.

நான் கடைசிப் படிக்குக் கீழே, அப்பா கிடந்த தரையில் உட்கார்ந்தேன். மேலே திருகு கிறீச்சிட்டது. மேல் திருகு, கீழ்த் திருகு. வால் மறுபக்கத்துக்குப் போனார். மறுபடி மேல், மறுபடி கீழ். தடுப்பைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறையில் இறுக்கும் சத்தம் ஆரம்பித்தது. ஒரு திருகு சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, தளர்த்திவிட்டு முதலிலிருந்து இறுக்கினார். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தத் தரை எவ்வளவு குளிர்ச்சி என்று தெரிவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. போன் அவன் மேசையில்தான் இருந்தது. அன்றும் அங்கேதான் இருந்திருக்கும்.

“போதும்,” என்றான் அண்ணன். “நிறுத்தச் சொல்லுங்க.”

வால் நிறுத்தவில்லை.

“அவர்தான் எடுக்கச் சொன்னார்.” அவன் என்னைப் பார்த்துப் பேசினான். “சத்தியமா. விழுந்து கிடந்தார், கண் திறந்திருந்துச்சு. மேல அது குதிச்சிக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கதவை எடுடா, அவளை விடுடான்னார். ரெண்டு தடவை சொன்னார். அதான் எடுத்தேன்.”

அப்பாவின் கடைசி வார்த்தை அதுவரை எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருந்தது என்பதே தெரியாது. மயக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் இவன் சொல்லியிருந்தான்.

“எடுக்கத்தான் சொன்னார்,” என்றேன். “கொண்டுபோய் சமையலறையில மாட்டச் சொன்னாரா?”

அவன் மேசையில் இருந்த போனைப் பார்த்தான்.

“தாழ்ப்பாளைத் தூக்கினா போதும். அவ வந்திருப்பா. நீ போனை எடுத்திருக்கலாம். நீ திருகைக் கழட்டிக்கிட்டு இருந்திருக்க. அவர் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார்.”

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கைப்பையோடு கால்நடை டாக்டர் நின்றிருந்தார். மணி அடித்துப் பார்த்ததாகவும் அது வேலை செய்யவில்லை என்றும் சொன்னார். கடிக்கிற நாய் என்று சொன்னார்களே, எங்கே என்று கேட்டார்.

“நாய் கடிக்கலைங்க டாக்டர்,” என்றார் வால், கையைத் துடைத்தபடி வந்து. “செருப்பை மட்டும்தான். அதுவும் சரியான ஆள் செருப்பு.”

நான் எழுந்து போய், ஊசி தேவையில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் கூடத்தில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் பையை மூடினார்.

மேடம் அண்ணனிடம் காவல் நிலையம் வரை போகலாம் என்றார். நீங்களே சொன்னால் உங்களுக்கு நல்லது, இல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் சுருக்கமாக இருக்காது என்றார். அவன் சட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றான். வேண்டாம் என்றார். வாசலில் நின்று செருப்பைத் தேடினான். ஒன்று இருந்தது. ஒரு காலில் அதை மாட்டிக்கொண்டான், பிறகு அதையும் உதறிவிட்டு வெறுங்காலோடு நடந்தான். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இன்றுவரை இல்லை. மன்னித்துவிடு, கூடப் பிறந்தவன்தானே என்று அத்தை இன்னும் ஆள் அனுப்புகிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வால் போகும்போது குட்டிக் கதவைக் காட்டி, அப்பா வைத்த மாதிரியே தாழ்ப்பாளை இடது பக்கமாக மாட்டிவிட்டதாகச் சொன்னார். கடுகைப் பார்த்துத் தலையைத் தொட்டு ஒரு வணக்கம் வைத்தார்.

எல்லோரும் போன பிறகுதான் கவனித்தேன். கடுகு இன்னும் மாடி உச்சியிலேயே நின்றது. கூப்பிட்டேன். குதித்தது. எட்டிப் பார்த்தது. மறுபடி குதித்தது. நான் மேலே ஏறிப் போனேன். அது உட்கார்ந்துகொண்டது. தூக்கவில்லை. அதற்கு முன்னால் நின்று, வெறும் காற்றில் இடது கையை வைத்து, அப்பா செய்வது போலத் தாழ்ப்பாளைத் தூக்கி, இல்லாத கதவை என் பக்கமாக இழுத்தேன்.

கடுகு என் கையைப் பார்த்தது. எழுந்தது. என்னைத் தாண்டிப் படிகளில் பாய்ந்து இறங்கி, கடைசிப் படிக்குக் கீழே அந்தத் தரையை ஒரு முறை முகர்ந்துவிட்டு, கூடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

மாடி உச்சியில் அண்ணன் கழற்றிய அந்தக் கதவை நான் தினமும் காலையில் திறந்துகொண்டிருக்கிறேன்.